எதிர்வீரசிங்கம் எங்களுக்கு எதையும் வாங்கித் தரவில்லை

2024 ஏப்ரலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் காலமான செய்தி வந்த அன்று, எங்கட வட்ஸ்அப் குழுக்களில் ஒரே போஸ்டர் பதினொரு தரம் வந்து விழுந்தது. கறுப்பு வெள்ளைப் படம், கீழே ஒரு மெழுகுதிரி, மேலே பெரிய எழுத்தில்: "இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த தமிழன்". பதினொரு தரமும் அதே வசனம். அனுப்பின ஆக்களில் பாதிப் பேருக்கு அவர் என்ன விளையாடினவர் எண்டே தெரியாது. ஒரு அண்ணன் "ஓட்டப்போட்டி" எண்டார். இன்னொருவர் "முரளிக்கு முதல் இருந்த பௌலர்" எண்டு அடிச்சிருந்தார். (பகிடி இல்ல. ஸ்கிரீன்சொட் இருக்கு.)

சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்கு அந்த வசனத்தில்தான் பிரச்சினை. குறிப்பாக அதில் வருகிற வினைச்சொல்லில். 'வாங்கித் தந்த.' சந்திக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கித் தந்த மாதிரி. யாருக்கு வாங்கித் தந்தார்? நாங்க காசு குடுத்தா அனுப்பினம்? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு சொல்லோடு சண்டை பிடிக்கப் போறம். விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே ஒரு மெழுகுதிரி இமோஜி போட்டுவிட்டுப் போகலாம்.

முதலில் ஆளைப் பற்றி. 1934இல் யாழ்ப்பாணத்தில் பெரியவிளானில் பிறந்தவர். யாழ் மத்திய கல்லூரி மாணவர். அவருடைய போட்டி உயரம் பாய்தல். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது பதினெட்டு வயது நிரம்பவில்லை. 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான், போஸ்டரில் அது மட்டும் சரி. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. ஐம்பதுகளிலேயே கடல் கடந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அந்தப் பல்கலைக்கழக அணிக்காகவும் பாய்ந்தார். பிறகு கோர்னெல்லில் கலாநிதிப் பட்டம், சியரா லியோனில் வேலை, வாழ்க்கையின் பிற்பகுதியில் வடக்கு கிழக்கின் கல்விக்காக ஓடித் திரிந்தது. விளையாட்டு அவருடைய வாழ்க்கையில் ஒரு பத்து வருசம். எங்கட போஸ்டருக்கு அதில் ஒரு பின்னேரம் போதும்.

2.03 மீற்றர் என்றால் 6 அடி 8 அங்குலம். வாசிக்கிறதை நிப்பாட்டிட்டு எழும்பி உங்கட வீட்டு வாசல்நிலையைப் பாருங்க. கிட்டத்தட்ட அந்த மேல்கட்டை உயரம். அதுக்கு மேலால ஒரு உடம்பு முழுசாகப் போய் அங்கால விழ வேணும். விழுகிற இடத்தில் இப்ப ரீவியில் பார்க்கிற மாதிரி இடுப்புயர மெத்தை அந்தக் காலத்தில் கிடையாது. மணல், இல்லாட்டி மரத்தூள். மணலில் விழுகிறவர் காலையோ கையையோதான் முதலில் ஊன்ற வேணும், முதுகைக் குடுத்தால் அதோட சரி. அதனால் அந்தக் காலத்துப் பாய்ச்சல் முறைகள் எல்லாமே எப்படிப் பாய்கிறது என்பதை மட்டுமில்லாமல் எப்படி விழுகிறது என்பதையும் சேர்த்து யோசித்து உண்டானவை. 1968இல் மெக்சிகோவில் டிக் பொஸ்பரி முதுகைத் தடிக்குக் காட்டிப் பாய்ந்து 2.24இல் தங்கம் எடுத்தபோது உலகமே வாயைப் பிளந்தது. இன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் பாய்கிறார்கள். பொஸ்பரிக்கு மூளை இருந்தது, சரி. அதோட சேர்த்து விழுகிறதுக்கு மெத்தையும் இருந்தது. இந்த மெத்தைக் கதையை ஞாபகம் வச்சிருங்க, திரும்பி வருவம்.

இப்ப 1958க்கு வருவம். தோக்கியோ விழா மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. இந்தத் திகதிகளை இலங்கையின் கலண்டரில் வச்சுப் பாருங்க. மே 22 இரவு பொலன்னறுவை ரயில் நிலையத்தில் தமிழ்ப் பயணிகளைத் தேடி அடித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் அது கொழும்பு வரைக்கும் பரவியது. மே 27இல்தான் அவசரகாலச் சட்டம் வந்தது. அதாவது, தமிழர்களை வீடு வீடாகத் தேடி எரித்த அதே கிழமையில், இலங்கை என்று எழுதின உடுப்போடு ஒரு தமிழர் தோக்கியோவில் தடியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அவருடைய மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். எழுத மாட்டோம். செத்த மனிசரின் வாயில் எங்கட வசனத்தை வைக்கிற பழக்கம் எங்கட ஊரில் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் போச்சு.

ஆனால் அந்தத் திகதிகளை வைத்து மற்றவர்கள் எழுதுகிறதைப் பற்றிச் சொல்லத்தான் வேணும். "நாட்டுக்கே தங்கம் வாங்கித் தந்த இனத்தை நாடு அடித்தது" என்று ஒரு பதிவு. ஆயிரக்கணக்கில் லைக். வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்கிற மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க, இதுக்குள்ள என்ன சொல்லுப்படுகிறது? தங்கம் வாங்கினபடியால் அடித்தது பிழை. அப்ப வாங்காதவரை அடித்தால்? பொலன்னறுவையில் ரயிலில் இருந்த ஆள் உயரமும் பாயவில்லை, நீளமும் பாயவில்லை. மட்டக்களப்பில் ஏறிக் கொழும்புக்குப் போக ரிக்கெட் எடுத்திருந்தார், அவ்வளவுதான். அவர் சார்பில் கதைக்க இந்தப் பதிவில் ஒரு வரிகூட இல்லை. பதக்கத்தைப் பற்றுச்சீட்டாக நீட்டி, "இந்தா பாருங்க, கட்டியிருக்கம், எங்கள அடிக்காதீங்க" எண்டு கேட்கிற அரசியல் இது. உரிமைக்கு எதுக்கு பற்றுச்சீட்டு?

எங்கட குழுவில் தமிழ் ஆக்களும் இருக்கிறம், முஸ்லிம் ஆக்களும் இருக்கிறம். பற்றுச்சீட்டு கேட்கப்படுவது என்றால் என்னவென்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட சாய்ந்தமருது, மருதமுனைக் கூட்டாளிமார் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். கொழும்பில் பஸ்ஸில் ஏறினால் பையைத் திறக்கச் சொல்லுவான். பேஸ்புக்கில் கட்டாயம் ஒருவர் வந்து, நாட்டுக்காக விளையாடின முஸ்லிம், நாட்டுக்காகச் செத்த முஸ்லிம் அதிகாரி என்று பெயர்ப்பட்டியல் போடுவார். நல்ல மனசோடதான் போடுவார். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத மீன் வியாபாரி என்ன செய்யிறது?

எங்கட ஊர் சொறிக்கல்முனைக்கு மேற்குப் பக்கமாகப் போனால் கல்லோயாக் குடியேற்றம் தொடங்கும். தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் போய்க்கொண்டிருந்த 1956 ஜூனில், சுதந்திரத்துக்குப் பிந்திய முதலாவது பெரிய படுகொலை அங்கேதான் நடந்தது. அதே வருசம் நவம்பரில் எதிர்வீரசிங்கம் மெல்பேர்னில் இலங்கைக்காகப் பாய்ந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், வைக்கத்தான் வேணும். ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கிற கணக்குத்தான் வேண்டாம். கரும்புத் தோட்டத்தில் வெட்டப்பட்ட கூலியாளுக்கு மெல்பேர்ன் தெரியாது.

அரசாங்கப் பக்கம் கதை இன்னும் சுலபம். அவர்களுக்கு அவர் 'இலங்கையின் முதல் தங்கம்'. எந்த வருசம், அந்த வருசம் வேறென்ன நடந்தது என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. இதுக்கு மேல இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கட பக்கத்தில் இன்னொரு கதையும் கேட்டது. இதை எழுதப் போறம் எண்டதும் குழுவிலேயே ஒருவர், "அது யாழ்ப்பாணத்தாக்கள்ட கதைதானே, நமக்கென்ன?" எண்டார். இன்னொருவர் மெல்லமா, "உங்கட ஆள்தானே, நீங்களே எழுதுங்க" எண்டார். அவருக்கு நாங்கள் 'உங்கட'. யாழ்ப்பாணத்தாருக்குக் கிழக்கு ஞாபகம் வருகிறது தேர்தலுக்கு முந்தின கிழமையில் எண்ட கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் ஒருவரை யாருடைய ஆள் என்று பங்கு பிரிக்கத் தொடங்கினால் அவர் எப்படிப் பாய்ந்தார் என்ற கேள்விக்கு யாருமே வர மாட்டம். எங்களுக்கு அந்தக் கேள்விதான் வேணும்.

அதுக்கு மெல்பேர்னிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கு. 1956இல் எதிர்வீரசிங்கம் பாய்ந்த இடம் மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானம். பேருக்குத்தான் கிரிக்கெட். குளிர்காலத்தில் அது அவுஸ்திரேலியக் கால்பந்தின் கோயில். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், உதைக்கலாம், கையால் குத்தியும் அனுப்பலாம். அந்த ஒலிம்பிக்கில் அதையும் ஒரு காட்சி ஆட்டமாக அங்கே ஆடிக் காட்டினார்கள். அந்த நாட்டுக்கு வெளியில் அந்த ஆட்டத்தைப் பெரிசாக யாரும் ஆடுவதில்லை. ஆசியத் தங்கம், ஒலிம்பிக் தங்கம் எண்டு அதில் எதுவுமே எடுக்க ஏலாது.

அந்த ஆட்டத்தில் ஜோன் கோல்மன் என்று ஒருவர் இருந்தார். எசன்டன் கழகம். 1949இல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல். ஆக்களின் தோளுக்கு மேலால எழும்பிப் பந்தைப் பிடிக்கிறதில் பேர் போனவர், ஒரு வகையில் அவரும் உயரம் பாய்தல்காரர்தான். 1954இல் முழங்கால் போனது. வயது 25. 98 ஆட்டம், 537 கோல், அத்தோடு முடிஞ்சுது. எதிர்வீரசிங்கம் மெல்பேர்னில் இறங்குகிறதுக்கு இரண்டு வருசத்துக்கு முதல் நடந்த கதை இது. இன்றைக்கும் அந்த நாட்டில் ஒரு பருவத்தில் கூடுதல் கோல் அடிக்கிறவருக்குக் குடுக்கிற பதக்கத்துக்குப் பேர் கோல்மன் பதக்கம். ஒவ்வொரு வருசமும் ஒரு இருபத்திரண்டு வயசுப் பொடியன் அந்தப் பெயரைக் கழுத்தில் போடுகிறான். 98, 537 என்ற இரண்டு எண்ணும் அங்கே சின்னப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

அவுஸ்திரேலியாவைத் தூக்கிப் பிடிக்கிறம் எண்டு நினைக்க வேண்டாம். அதே ஆட்டத்தில் டக் நிக்கொல்ஸ் என்ற ஆதிவாசி வீரரை 1927இல் ஒரு பெரிய கழகம் தோல் நிறத்துக்காக ஒதுக்கினது. பிறகு பிட்ஸ்ரோய் அணிக்கு ஆடிப் பேரெடுத்து, 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநராகவும் வந்தார். ஆதிவாசி மக்களுக்கான ஆட்டச் சுற்றுக்கு அவருடைய பெயரை வைத்தது 2016இல்தான். ஞாபகம் அங்கேயும் யாருக்கு முதல், யாருக்குப் பிந்தி என்று வரிசையில்தான் வருகிறது. ஆனால் வந்தபிறகு அதில் எண்கள் இருக்கு, ஆட்டங்கள் இருக்கு, ஒதுக்கின கதையும் இருக்கு. மெழுகுதிரியோட முடியவில்லை.

எங்கட பக்கத்தில் எதிர்வீரசிங்கம் பதினைந்து வயதில் எவ்வளவு பாய்ந்தார் என்று ஒரு உடற்கல்வி மாணவனிடம் கேளுங்க. அவரைப் பழக்கியவர் யார், என்ன மண்ணில் விழுந்தார், கிழமைக்கு எத்தனை நாள்? யாழ் மத்திய கல்லூரி மைதானத்தில் நின்றவன் ஹெல்சிங்கிக்கு எப்படிப் போனான்? பாடப்புத்தகத்தில் இதுக்குப் பதில் இல்லை. எங்கட பாடசாலைச் சுவரில் இருந்த 'பொது அறிவு' பலகையில் அவர் பெயர் இருந்தது, உண்மை. டங்கன் வைற்றுக்குக் கீழே, ஒரு வரி. வருசத்தைக்கூட பிழையாக எழுதியிருந்தார்கள்.

இப்ப மெத்தைக்கு வருவம்.

எங்களில் ஒருத்தி உயரம் பாய்ந்தவள். அவள் படித்த பாடசாலையில் இரண்டு இரும்புக் கம்பம், ஒரு மூங்கில் தடி, ஒரு மணல் குழி. மணல் குழி நீளம் பாய்தலுக்கும் அதுதான், உயரம் பாய்தலுக்கும் அதுதான், இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த அடுத்த கிழமையில் இருந்து ஊர் ஆடுகளுக்கும் அதுதான். மணலில் முதுகைக் குடுக்க ஏலாது. அதனால் அவள் கத்தரிக்கோல் மாதிரிக் காலை எறிந்து பாய்கிற பழைய முறையில்தான் பாய்ந்தாள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து ஃபோனில் வீடியோ பார்ப்பாள். அதில் எல்லோரும் முதுகால பாய்கிறார்கள். மாசியில் பெரும்போக வெட்டு முடிந்ததும் வயலில் வைக்கல் கிடக்கும் இல்லையா, தம்பியாக்களைக் கூட்டிக்கொண்டு போய் அதை அள்ளிக் குவிச்சு, மேலே பழைய பாயைப் போட்டு, அதில் முதுகால விழுந்து பழகினாள். வைக்கல் சொறி ஒரு கிழமைக்குப் போகாது. வெட்டு முடிந்து ரெண்டு கிழமை. அதுக்குப் பிறகு மாடு தின்னும், இல்லாட்டி எரிச்சிடுவாங்க. வருசத்தில் ரெண்டு கிழமைதான் அவளுக்கு 1968க்குப் பிந்தின உலகம். மிச்ச நாளெல்லாம் எதிர்வீரசிங்கத்தின் காலம்.

வலயத்தில் வென்றாள். மாகாண மட்டத்துக்குப் போனாள். அங்கே மெத்தை இருந்தது. வாழ்க்கையில் முதல் தரம் மெத்தையைத் தொட்டது அங்கேதான், போட்டி நடக்கிற அன்றைக்குக் காலமை. "எனக்குப் பயம் வரல்ல. மெத்தையப் பார்த்ததும் ஒரு கோவம் வந்திச்சு" எண்டு அவள் இதை எழுதும்போது சொன்னாள். மூன்று தரமும் தடி விழுந்தது. திரும்பி வரும்போது கூட வந்த ஆசிரியர் ஒருவர் ஆறுதலுக்கு, "எதிர்வீரசிங்கம் மணலில் விழுந்துதானே தங்கம் எடுத்தவர், மனசில உறுதி வேணும் மகள்" எண்டாராம்.

இந்த இடத்தில்தான் அந்த வினைச்சொல் எங்களுக்குப் புரிந்தது. அவர் மணலில் விழுந்த காலத்தில் உலகமே மணலில்தான் விழுந்தது. 1956 மெல்பேர்னில் 2.12 பாய்ந்து தங்கம் எடுத்த சார்ள்ஸ் டூமாஸுக்கும் பஞ்சு மெத்தை இல்லை. எதிர்வீரசிங்கம் மற்றவர்களுக்குச் சமமான தரையில் நின்று போட்டி போட்டார். அவள் போட்டி போட்டது ஐம்பது வருசம் பிந்தின தரையில் நின்றுகொண்டு. 'வாங்கித் தந்தார்' எண்டு அவரை உயரத்தில் ஏற்றி வைத்தால், அவர் இல்லாத இடத்தில் இருந்து எடுத்தவர் ஆகிவிடுகிறார். பிறகு இல்லாத பிள்ளைகள் எல்லோரையும் பார்த்து, "உனக்கு மட்டும் ஏன் ஏலாது?" எண்டு கேட்கலாம். மெத்தை வாங்க வேண்டிய ஆள் தப்பிச்சிடுவார். பெருமை எவ்வளவு மலிவான சாமான் எண்டு பாருங்க, ஒரு மெத்தையின் விலையை அது மிச்சம் பிடிக்கிறது.

இது தமிழ்ப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் எண்டும் நாங்கள் சொல்லவில்லை. மஞ்சுள குமார 2004இல் பாய்ந்த 2.27 மீற்றர் பதினேழு வருசம் இலங்கைச் சாதனையாக இருந்தது. 2021இல் அதை உடைத்து 2.30 வரைக்கும் போனவர் உஷான் திவங்க. எங்கே? அமெரிக்காவில், டெக்ஸாஸில், ஒரு பல்கலைக்கழக மாணவராக. எதிர்வீரசிங்கம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் அறுபது வருசத்துக்கும் மேல். பாதை மாறவே இல்லை. 1958இல் தோக்கியோவில் அவர் பாய்ந்த உயரத்துக்கும் அன்றைய உலக சாதனைக்கும் இடைவெளி 13 சென்ரிமீற்றர். இன்றைக்கு எங்கட தேசிய சாதனைக்கும் சொத்தோமயோர் 1993இல் பாய்ந்த 2.45க்கும் இடைவெளி 15. ஒன்று ஒரு போட்டியின் உயரம், மற்றது தேசிய சாதனை, ஒப்பிடக் கூடாது எண்டு நீங்க சொல்லலாம். சொல்லுங்க. அப்படிச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் தெரியும்.

"அப்ப எல்லாம் வசதிதானா, முயற்சி ஒன்றும் இல்லையா?" எண்டு கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக் கோலூன்றிப் பாய்தலைப் பாருங்க. மெய்வல்லுநர் போட்டிகளிலேயே சாமான் செலவு கூடினது அது. கோல், கம்பம், பெரிய மெத்தை, பக்கத்தில் நிற்க விசயம் தெரிந்த பயிற்றுநர், இதில் ஒன்று குறைந்தாலும் கழுத்து முறியும். போர் தின்றுவிட்டுப் போன அந்த மாவட்டத்தில் இருந்து தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். சாவகச்சேரி இந்துவில் படித்த அருந்தவராசா புவிதரனும் அந்த வரிசைக்கு வந்தார். முயற்சி இல்லாமலா? ஆனால் அந்த முயற்சிக்குக் கீழே விழ ஒரு இடம் இருந்தது. பெண்பிள்ளை கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதை ஒரு ஊர் பார்த்துப் பழகியும் இருந்தது.

அதைச் சொன்னால் எங்கட ஊர்களுக்கும் கொஞ்சம் குத்தத்தான் வேணும். எங்கட கரையில் விளையாட்டுக்குக் காசு இல்லை எண்டு யாராவது சொன்னால் நம்பாதீங்க. பெருநாள் வந்தால், வருசம் பிறந்தால், மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி. லைற் போட்டு இரவிரவா நடக்கும். ஆள் உயரத்துக்குக் கிண்ணம், காசுப் பரிசு, கட்டாரில் இருந்து சவூதியில் இருந்து அண்ணன்மார், காக்காமார் அனுப்புகிற ஜேர்சி, மேடையில் பதினேழு அதிதி. நாங்களும் போய் விசில் அடிக்கிறதுதான், பொய் சொல்லக் கூடாது. ஒரு கிண்ணத்தின் காசில் நல்ல மணல் ரெண்டு லோட் இறக்கலாம். நாலு சுற்றுப்போட்டிக் காசில் ஒரு மெத்தையைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். ஆனால் மெத்தையில் அனுசரணையாளரின் பெயரை அடித்தால் பிள்ளைகள் அதுக்கு மேல விழுவார்கள். அதைப் படம் எடுத்துப் போட வடிவா இருக்காது போல.

அதோட, கிண்ணம் எல்லாம் பொடியன்மாருக்கு. பிள்ளை பெரிசாகிட்டால் தமிழ் வீட்டில் "இனி என்னத்துக்கு ஓட்டம்?" எண்டு கேட்பார்கள். முஸ்லிம் வீட்டில் வேறு சொல்லில் அதையே கேட்பார்கள். இந்த ஒரு விசயத்தில் இன ஒற்றுமை அபாரம். பதினொராம் ஆண்டு வந்தால் ஆண்பிள்ளைக்கும் கதை முடிஞ்சுது. நாலு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டியவன் ரியூசன் கொட்டிலில் இருப்பான். தேசிய மட்டத்தில் சாதித்தால் பல்கலைக்கழகத்துக்கு விசேட அனுமதி இருக்கு எண்டு எங்களில் பலருக்குத் தெரிய வந்ததே பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான்.

கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் கல்முனை. அங்கே சந்தான்கேணி மைதானம். நல்ல மைதானம். இங்கால நாவிதன்வெளிப் பக்கத்துப் பிள்ளைக்கும் அது சைக்கிள் தூரம். மாரியில் தாம்போதிக்கு மேலால தண்ணி ஏறினால் போக ஏலாது, அது ஒரு காரணம். தண்ணி வத்தின மாசங்களிலும் போறதில்லை, அதுக்கு என்ன காரணம் எண்டு எல்லோருக்கும் தெரியும். அவங்கட மைதானம், இவங்கட மைதானம். தடிக்கு எந்தப் பக்கத்தால ஓடி வாறாய் எண்டுதான் உயரம் பாய்தலில் கேள்வி, எந்தப் பக்கத்து ஊர் எண்டு தடி கேட்கிறதில்ல.

எதிர்வீரசிங்கம் எங்களுக்கு எதையும் வாங்கித் தரவில்லை. அவர் பாய்ந்தார். அந்தத் தங்கம் அவருடையது. போன கிழமை நாங்கள் செய்த வேலை இவ்வளவுதான்: அந்தப் 'பொது அறிவு' பலகையில் பிழையாக இருந்த வருசத்தை அழிச்சு 1958 எண்டு எழுதி, பக்கத்தில் 2.03 மீற்றர் எண்டும் எழுதினோம். அதிபரிடம் அனுமதி கேட்டுத்தான். பிறகு அந்தச் சுவரில் 2.03இல் ஒரு கோடும் கீறிவிட்டோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து கையை உயர்த்தி எட்டிப் பார்க்கிறார்கள், எட்டவில்லை.

உயரம் பாய்ந்த எங்கட ஆள் இப்ப தன்ர தங்கச்சிக்கும் இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் சனி ஞாயிறில் பழக்குகிறாள். அதில் ரெண்டு பேர் தாம்போதிக்கு அங்கால இருந்து வாறாங்க, உம்மா கூட வந்து மரத்தடியில் இருப்பா. தங்கச்சி 1.38 பாய்கிறாள், மணலில், பழைய முறையில். சிறுபோக வெட்டு முடிய வைக்கல் குவிச்சோம், போன மழைக்கு நனைஞ்சு உக்கிப்போச்சு. இதை வாசிக்கிற யாரிடமாவது, எந்தக் கழகத்திலாவது, எந்தப் பாடசாலைக் களஞ்சியத்திலாவது பழைய உயரம் பாய்தல் மெத்தை கிடந்தால் சொல்லுங்க. கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, தைச்சு எடுக்கலாம். லேண்ட்மாஸ்டர் ஒன்று பிடிச்சுக்கொண்டு நாங்களே வந்து ஏத்துறம். தாம்போதிக்கு மேல தண்ணி வர முதல்.